மூதாதையரைத் தேடிப் போர்ட் லூயியில் ஒரு பகல்

மொரிஷியஸுக்குச் செல்லும் தமிழ்நாட்டுப் பயணிகளில் பெரும்பாலோர் கடற்கரை விடுதிகளையும் ஷமரேலின் ஏழு வண்ண மண்மேட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தலைநகரான போர்ட் லூயிக்கு அவர்களுடைய திட்டத்தில் சந்தையைச் சுற்றிவரும் சிறு பொழுது மட்டுமே கிடைக்கிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறிய ஒருவரைப் பற்றிய பேச்சு உங்கள் வீட்டில் இன்னும் அழியாமல் இருக்குமானால், அந்தத் தீவில் ஒரு முழுப் பகலைக் கடற்கரைக்குக் கொடுக்காமல் இந்த நகரத்துக்குக் கொடுங்கள் என்றே சொல்வேன். ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய, துறைமுகத்தில் இருக்கும் ஆப்ரவாசி காட் என்ற படித்துறையும், மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணக் காப்பகமும் அந்தப் பகலின் இரு தூண்கள். இவற்றை இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் எள்ளுத்தாத்தாவும் அவருடைய தம்பியும் மாயவரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1860களில் சென்னைக்கு நடந்துபோய்க் கப்பலேறினார்கள் என்பது எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அண்ணன் திரும்பிவந்தார், தம்பி வரவில்லை. அண்ணன் கொண்டுவந்த தாளொன்றிலிருந்து யாரோ படியெடுத்து வைத்த ஆறு இலக்க எண் ஒன்று மட்டுமே சான்றாக எஞ்சியிருந்தது. அந்த எண்ணின் மதிப்பு எனக்குப் படித்துறையில்தான் விளங்கியது.

மெட்ரோ ரயிலின் போர்ட் லூயி முனையத்திலிருந்து படித்துறைக்கு நடந்தே சென்றுவிடலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. முதலில் கண்ணில் படுவது மிகச் சிறிய இடம்தான். உலகப் பாரம்பரியச் சின்னமாக 2006இல் யுனெஸ்கோ அறிவித்த பரப்பு 1,640 சதுர மீட்டர் மட்டுமே. 1849இல் கட்டத் தொடங்கிய குடியேற்ற முகாமின் பெரும்பகுதி பிற்காலக் கட்டுமானங்களிலும் நெடுஞ்சாலையிலும் மறைந்துவிட்டது. வாயிற்காவலர் அறை, மருத்துவமனைப் பகுதியின் சுவர்கள், சமையற்கட்டு, கழிப்பிடங்கள், கடலிலிருந்து ஏறிவரும் கருங்கற்படிகள் ஆகியவையே மிஞ்சியிருக்கின்றன. இவ்வளவுதானா என்று நினைத்துப் படிகளை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அவசரப்படாமல் அருகிலுள்ள விளக்க மையத்துக்குள் நுழைய வேண்டும்.

மொரிஷியஸ் பத்திரிகையாளர் பீக்ரம்சிங் ராம்லாலா பெயரால் 2014இல் திறக்கப்பட்ட இந்த மையத்தை நான் பார்த்த வரலாற்றுக் காட்சியகங்களில் மிகவும் பொறுப்புடன் அமைக்கப்பட்டவற்றுள் ஒன்றாகக் கருதுகிறேன். 1834ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் அட்லஸ் என்ற கப்பலில் 36 பேர் வந்திறங்கியதிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர்கள் இந்தத் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள் என்பதைப் பெருமிதமாகவோ புலம்பலாகவோ சொல்லாமல், அந்த அமைப்பு எவ்வாறு இயங்கியது என்பதைப் படிப்படியாகக் காட்டுகிறார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆணுக்கு மாதம் ஐந்து ரூபாய்க் கூலி, அதனுடன் அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு என்ற அளவுப் படி, ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிக்கும் இரட்டை வெட்டு என்று வாசித்துக்கொண்டே வரும்போது, வீட்டுக் கதைகளில் பொத்தாம் பொதுவாகக் ‘கஷ்டம்’ என்று சொல்லப்பட்டது கணக்காக மாறி நம் முன் நிற்கிறது. 1871இல் 9,401 ‘பழைய குடியேறிகள்’, அதாவது முதல் ஒப்பந்தத்தை முடித்துவிட்டுத் தீவில் தங்கியவர்கள், கையொப்பமிட்ட மனுவைத் தோட்ட நிர்வாகியான அடால்ஃப் தெ ப்ளெவிட்ஸ் ஆளுநரிடம் கொண்டுசென்றதையும், அதைத் தொடர்ந்து அரச விசாரணை ஆணையம் வந்ததையும் நிதானமாகப் படியுங்கள். உங்கள் முன்னோர் 1871இல் அந்தத் தீவில் இருந்திருந்தால், இது அவருடைய காலத்தில் அவரைச் சுற்றி நடந்த செய்தி.

குடும்ப வரலாறு தேடுபவருக்கு இந்த மையம் தரும் மிகப் பெரிய பயன், பதிவேட்டைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதுதான். கப்பலிலிருந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. அதன்பின் தோட்டம் மாறினாலும், திருமணம் ஆனாலும், நாடு திரும்பினாலும், இறந்தாலும் அரசுத் தாள்களில் அந்த எண்ணே அவரைத் தொடர்ந்தது. இந்தப் பதிவேடுகளில் பெயர் நம்பத்தக்கதன்று. தமிழ் தெரியாத எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியதால் ஒரே முத்துசாமி மூன்று விதமாக வருவார். ஊர்ப் பெயரோ அடையாளம் தெரியாத அளவுக்குச் சிதைந்திருக்கும். எண் மட்டும் சிதையாது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இணையத்தில் வம்சாவளி தேடித் தருவதாகக் கூறிய ஒரு நிறுவனத்துக்கு எங்கள் உறவினர் ஒருவர் பணம் கட்டி, வேறு யாருடைய குடும்ப மரத்தையோ பெற்ற கதையும் உண்டு. பெட்டிகளிலும் பழைய பத்திரக் கட்டுகளிலும் ஓர் எண் கிடைக்கிறதா என்று ஊரிலேயே தேடிவிட்டுப் புறப்படுவது எந்தக் கட்டணச் சேவையையும்விட மேலானது.

படித்துறையை அடுத்து, நடந்து செல்லும் தூரத்தில் உள்ள பழைய இராணுவ மருத்துவமனைக் கட்டடத்தில் அடிமைமுறை பற்றிய அருங்காட்சியகம் 2023இல் திறக்கப்பட்டிருக்கிறது. அதைத் தவிர்க்க வேண்டாம். 1835 பிப்ரவரி 1ஆம் நாள் மொரிஷியஸில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு வேலையாட்கள் இல்லாமல் போகக்கூடாது என்ற கவலையில்தான் நம்மவர்களுக்கான கப்பல்கள் விடப்பட்டன. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள் விட்டுச்சென்ற குடில்களில்தான் பல இடங்களில் நம்மவர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். ஒன்றைப் பார்த்து மற்றொன்றைப் பார்க்காதவர் பாதி வரலாற்றோடுதான் ஊர் திரும்புகிறார்.

மோக்காவுக்குப் புறப்படுமுன் மத்தியச் சந்தையில் உண்பது நல்லது. இங்கே பருப்பை அரைத்து மிளகாய் சேர்த்துப் பொரித்துத் தரும் காத்தோ பிமானை வாயில் போட்டவுடன் நம் பருப்பு வடை நினைவுக்கு வரும். பருப்பு வைத்த மெல்லிய தால் பூரி வட இந்தியக் குடியேறிகளின் கொடை. தமிழ்க் குடும்பங்களின் திருமணங்களிலும் கோயில் விழாக்களிலும் வாழையிலையில் பரிமாறும் ஏழு கறிச் சோறு சந்தையில் எப்போதும் கிடைப்பதில்லை; அழைப்புக் கிடைத்தால் மறுக்காதீர்கள். விலை கொடுக்கும்போது கையிலுள்ள மொரிஷியஸ் ரூபாய்த் தாளைச் சற்று உற்றுப் பாருங்கள், அதில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் வெளியிட்ட புதிய தாள்களில் தமிழுக்கும் இந்திக்கும் இருந்த வரிசையை மாற்றியபோது அங்குள்ள தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்; அத்தாள்களைத் திரும்பப் பெறும்படி ஆயிற்று. தமிழைப் பேச்சுமொழியாகப் பெரும்பாலும் இழந்துவிட்ட ஒரு சமூகம் அந்த எழுத்தை விட்டுக்கொடுக்க மறுத்தது என்பதை எண்ணும்போது எனக்கு அவர்கள்மேல் மிகுந்த மதிப்பு ஏற்படுகிறது.

கோடான் துறைமுக வளாகத்தில் உள்ள ப்ளூ பென்னி அருங்காட்சியகத்தில் 1847ஆம் ஆண்டின் புகழ்பெற்ற இரண்டு அஞ்சல்தலைகள் இருக்கின்றன. ஒளி படாமல் காக்க, மூலத் தலைகளைக் குறிப்பிட்ட வேளைகளில் சிறிது நேரம் மட்டுமே காட்டுகிறார்கள். அஞ்சல்தலையில் ஆர்வம் உள்ளவர்கள் அந்த வேளையைக் கேட்டு அறிந்து செல்லலாம். மற்றவர்கள் அந்தப் பொழுதை மோக்காவுக்கு ஒதுக்குவதே சிறந்தது.

மோக்கா, தலைநகருக்குத் தெற்கே மேட்டுப்பகுதியில் இருக்கிறது. விக்டோரியா நிலையத்திலிருந்து பேருந்தில் செல்லலாம். மகாத்மா காந்தி நிறுவனத்துக்கு 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். அதன் காப்பகத்தில் உள்ள குடியேற்றப் பதிவேடுகளில் கப்பல்வாரியாக ஒவ்வொருவரின் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், உடல் அடையாளம், மாவட்டம், ஊர், அனுப்பப்பட்ட தோட்டம் ஆகியவை எழுதப்பட்டுள்ளன. 1860களின் நடுப்பகுதியிலிருந்து பழைய குடியேறிகளின் அடையாளச் சீட்டுகளுக்காக எடுத்த புகைப்படங்களும் இங்கே பாதுகாக்கப்படுகின்றன. அந்தச் சீட்டைக் கையில் வைத்திராதவரைக் காவலர் பிடித்துச் செல்ல முடிந்தது. கண்காணிப்புக்காக எடுத்த படமே இன்று பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஒரே முகமாக இருப்பதை அந்த அறையில் உட்கார்ந்து எண்ணியபோது மனம் கனத்தது. எங்கள் எள்ளுத்தாத்தாவுக்குப் படம் கிடைக்கவில்லை.

இது எவரும் உள்ளே நுழைந்து தாள்களைப் புரட்டும் நூலகம் அன்று. முன்கூட்டியே எழுதி, யாரைத் தேடுகிறோம், அவருக்கும் நமக்கும் என்ன உறவு, கையில் என்ன சான்று இருக்கிறது என்பதைத் தெரிவித்துவிட்டு வார நாளில் செல்ல வேண்டும். மூலப் பதிவேடுகள் நைந்துபோனவை. ஆகவே ஊழியர்களே தேடித் தந்தார்கள். என்னுடன் பேசிய அம்மையார் எண்ணைக் கேட்டார், அதன்பின்தான் பெயரைக் கேட்டார். பதிவு கிடைத்தது. தஞ்சாவூர் மாவட்டம் என்பது தெளிவாக இருந்தது. ஊர்ப் பெயரை உரக்கப் படித்துப் பார்த்தபோதுதான் அது எங்கள் ஊர் என்று புரிந்தது. அவரே அடுத்த வரியையும் பார்க்கச் சொன்னார்: ஒன்றாக வந்தவர்கள் வரிசையில் அடுத்தடுத்து நின்றிருப்பார்கள், ஆகவே எண்களும் அடுத்தடுத்து இருக்கும் என்றார். அடுத்த எண்ணில் அதே தந்தை பெயருடன், 16 வயது என்ற குறிப்புடன், தம்பி இருந்தார். அதற்கும் அடுத்த இரண்டு பெயர்களும் எங்கள் ஊரைச் சேர்ந்தவையே. எங்கள் குடும்பத்தில் எவரும் சொல்லாத செய்தி அது. ஊரிலிருந்து போனவர்கள் இருவர் அல்லர், நால்வர்.

எனவே இங்கே செல்பவர்களுக்கு நான் வலியுறுத்துவது, உங்களுடையவரின் வரியோடு நிறுத்திவிடாமல் மேலும் கீழும் உள்ள வரிகளையும் படித்துக் காட்டும்படி கேட்க வேண்டும் என்பதே. அந்தக் கேள்வியை மரியாதையுடன் கேட்டால் அங்குள்ளவர்கள் சலிக்காமல் உதவுகிறார்கள். அவர்களில் பலர் இதே பதிவேடுகளில் தங்கள் முன்னோரைக் கண்டெடுத்தவர்கள் என்பது பேச்சிலேயே தெரிகிறது.

இந்தக் காப்பகத்தால் தர இயலாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தமுறைக்கு முன்பே, பிரெஞ்சு ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து கொல்லர்களும் கொத்தர்களும் வணிகர்களும் வந்து நகரின் கிழக்கே, தென்னிந்தியரைப் பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த பெயரால் மலபார் முகாம் எனப்பட்ட பகுதியில் வாழ்ந்தார்கள். அவர்களின் சுவடு இந்தப் பதிவேடுகளில் இராது. கோரமண்டல் என்ற இடத்தில் உள்ள மொரிஷியஸ் தேசிய ஆவணக் காப்பகத்தில், பிரெஞ்சு மொழியில் எழுதிய பத்திரங்களில்தான் தேட வேண்டும். தன் செலவில் வந்த வணிகருக்கு ஒப்பந்தக் கூலியின் எண் இருக்காது. சென்னையில் கப்பலேறியவர்களில் தெலுங்கர்களும் பெருந்தொகையினர் என்பதால், சென்னை என்ற குறிப்பை மட்டும் கண்டு தமிழர் என்று முடிவுகட்டவும் கூடாது.

மாலையில் நேரம் கிடைத்தால் நகருக்குத் திரும்பி, 1834இல் கட்டத் தொடங்கிய அடிலெய்ட் கோட்டைக்கு ஏறிப் பாருங்கள். குதிரைப் பந்தயத் திடலும் துறைமுகமும் ஒரே பார்வையில் தெரியும். நகரின் வடபுறத்தில் உள்ள கைலாசம் எனப்படும் மீனாட்சி சொக்கலிங்கர் கோயிலுக்கும் செல்லலாம். அங்கே வழிபட வருபவர்கள் பிரெஞ்சிலிருந்து உருவான கிரியோல் மொழியில் பேசிக்கொள்வார்கள், தேவாரத்தைத் தமிழில் பாடுவார்கள்.

மொத்தத்தில், தனியாகச் செல்பவருக்கு இந்த நகரம் பாதுகாப்பாகவும் எளிதாகவும் இருக்கிறது. துணையுடன் சென்றால் காப்பகத்தில் காத்திருக்கும் நேரம் உடன் வந்தவருக்குச் சுமையாகிவிடும் என்பதால், தனியாகச் செல்வதையே பரிந்துரைக்கிறேன். படித்துறை விளக்க மையத்துக்கும் மோக்கா காப்பகத்துக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுக்க எனக்குத் தயக்கமில்லை.

நாடு திரும்பியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான். எங்கள் எள்ளுத்தாத்தாவின் பதிவில் புறப்பாட்டுக் குறிப்பு இருக்கிறது. தம்பியின் பதிவில் அது இல்லை, ஃப்ளாக் மாவட்டத்துத் தோட்டம் ஒன்றின் பெயர் மட்டும் இருக்கிறது. அந்த மாவட்டத்தின் திருமண, இறப்புப் பதிவுகளைக் குடிமைப் பதிவு அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்று அம்மையார் எழுதிக் கொடுத்தார். அதற்கான விண்ணப்பத்தை, எண்ணை முதல் வரியில் குறிப்பிட்டு, அனுப்பியிருக்கிறேன்.