கிணற்றுத் தண்ணீரை எங்கே சோதிப்பது? மீட்டர், கிட், அரசு ஆய்வகம், தனியார் லேப்: ஓர் அலசல்

வடசென்னையில் மணலி புதுநகரைத் தாண்டி இடையஞ்சாவடி, சடையங்குப்பம் பக்கம் இன்னும் பல வீடுகளில் சொந்தக் கிணறோ போரோதான். அந்தத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க நாலு வழி இருக்கிறது: கையடக்க டிடிஎஸ் மீட்டர், கடையில் கிடைக்கும் கிட், அரசு ஆய்வகம், தனியார் லேப். எங்கள் வீட்டு உறைகிணற்றுக்கு நாலையும் செய்து பார்த்தாகிவிட்டது. கிருமிச் சோதனைக்கு நான் தனியார் லேப் பக்கம்தான். பாட்டிலை யார் நிரப்புகிறார், நிரப்பிய பாட்டில் எவ்வளவு சீக்கிரம் லேபுக்குப் போய்ச் சேருகிறது என்ற ஒரு விஷயத்தில்தான் இந்த முடிவு நிற்கிறது.

மீட்டரைப் பற்றிச் சீக்கிரம் முடித்துவிடலாம். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் உப்பைக் கணக்குப் போட்டுக் காட்டும் கருவி அது. 400 காட்டும் தண்ணீரில் மலக்கிருமி இருக்கலாம், 1,200 காட்டும் தண்ணீரில் இல்லாமலும் போகலாம். ஆர்.ஓ. விற்க வருகிறவர்கள் தம்ளருக்குள் இரண்டு கம்பியை விட்டு கரண்ட் கொடுத்து, பழுப்பாகத் திரண்டு வரும் கசடைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். அந்தக் கசடு பெரும்பாலும் இரும்புக் கம்பி கரைந்து வருவது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது, தம்ளர் தெளிவாக நிற்கும். இதைப் பார்த்து யாரும் மெஷின் வாங்க வேண்டாம்.

கிட்டில் ஹெச்2எஸ் பாட்டில், அதாவது கிருமிகள் விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடால் கறுக்கும் பாட்டில், எனக்குப் பிடித்தது. கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி வீட்டிலேயே ஓரமாக வைக்க வேண்டும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கறுத்துப்போனால் மலக்கலப்பு இருக்கிறது என்று சந்தேகப்படலாம். நம் நாட்டிலேயே 1980களில் உருவான முறை, விலையும் மலிவு. ஆனால் நம் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. அழுகிய முட்டை வாடை அடிக்கும் போர் தண்ணீரில் ஏற்கெனவே சல்ஃபைடு இருப்பதால், கிருமி இல்லாமலேயே பாட்டில் கறுக்கலாம். ஆக, முதல் எச்சரிக்கைக்கு கிட் போதும். அதை மட்டும் வைத்துக் குழந்தைக்கு இந்தத் தண்ணீரைக் கொடுக்கலாமா என்று முடிவு பண்ண முடியாது.

அப்புறம் லேப். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் அரசின் நீர்ப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. குடிநீர் வடிகால் வாரியமும் ஆய்வகங்கள் நடத்துகிறது. கட்டணம் குறைவு, நாளைக்கு யாரிடமாவது மனு கொடுக்க நேர்ந்தால் அரசு ரிப்போர்ட்டுக்குத் தனி மரியாதை. உப்பு, கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு மாதிரியானவை ஒரு நாளில் பெரிதாக மாறிவிடாது. இரண்டு லிட்டர் கேனை அதே கிணற்றுத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி நிரப்பிக்கொண்டு போகலாம். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் மாறாமல் கிண்டியில் இறங்கலாம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு இது நல்ல வழி. எங்கள் வீட்டு ரசாயனச் சோதனையையும் அரசிடம்தான் கொடுத்தோம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

கிருமி விஷயம் வேறு. பாட்டிலுக்குள் போன பாக்டீரியா சும்மா இருக்காது. வெயிலில் பெருகலாம், சாகவும் செய்யலாம். இரண்டிலுமே ரிப்போர்ட் தப்பாகிவிடும். ஐஸில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது, போனால் 24 மணி நேரம். பாட்டிலும் லேபிலேயே சுத்திகரித்துக் கொடுத்ததாக இருக்க வேண்டும். அரசு ஆய்வகம் என்றால் அதை நாமே முன்கூட்டியே போய் வாங்கி வந்து, நிரப்பி, ஐஸ் பெட்டியோடு திரும்பக் கிளம்ப வேண்டும். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் மணலி சாலையில் எத்தனை மணி நேரம் போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

நாங்கள் கூப்பிட்ட தனியார் லேபிலிருந்து வீட்டுக்கே வந்த தம்பி சாம்பிள் எடுத்த விதத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. சமையலறைக் குழாயைக் காட்டினேன். "இது டேங்க்லேர்ந்து வருதுண்ணே. மோட்டார்லேர்ந்து நேரா வர்ற குழாய் இருக்கா?" என்றார். சின்டெக்ஸ் டேங்கின் அழுக்கு கிணற்றின் கணக்கில் ஏறிவிடக்கூடாது அல்லவா. தோட்டத்துக் குழாயில் மாட்டியிருந்த ஹோஸைக் கழற்றினார், வாயை ஸ்பிரிட்டால் துடைத்தார், பித்தளைக் குழாய் என்பதால் பஞ்சில் நெருப்பு வைத்துச் சுட்டார். ஐந்து நிமிடம் போல தண்ணீரை ஓடவிட்டார். பிறகு மூடியின் உட்புறம் விரல் படாமல் திறந்து, குலுக்குவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார். இதை நாமும் கற்றுக்கொள்ளலாம்தான். ஆனால் ஒரு இடத்தில் கை பட்டாலும் அந்தக் கிருமி கிணற்றுடையதா, கையுடையதா என்று ரிப்போர்ட் சொல்லாது.

தனியாரிலும் கவனிக்க வேண்டியது உண்டு. லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம் என்.ஏ.பி.எல். அதன் அங்கீகாரம் லேபுக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாகத்தான். நீங்கள் கேட்கும் சோதனை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். அப்படி இருந்தால் ரிப்போர்ட்டில் என்.ஏ.பி.எல். சின்னமும், யு.எல்.ஆர். என்ற தனி ரிப்போர்ட் எண்ணும் வரும். முழுப் பேக்கேஜ் எடுக்கச் சொல்லி வற்புறுத்துவார்கள், செலவு ஆயிரக்கணக்கில் போகும். கிருமிச் சோதனை மட்டும் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

எதையெல்லாம் கேட்டு வாங்குவது? குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500படி 100 மில்லியில் ஈகோலை என்ற மலக்கிருமி அறவே இருக்கக்கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம், அதற்கு மேல் சலுகையே கிடையாது. செப்டிக் டேங்க் பக்கத்தில் இருந்தால் இவை இரண்டையும் விடக்கூடாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது அடர்த்தியாகும். குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 1,000 வரை விடுகிறார்கள். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததில் பல பத்தாண்டுகளாகக் கடல்நீர் உள்ளே ஏறி வருகிறது. அதனால் குளோரைடை வருஷா வருஷம் ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்கு அவசியம். எங்கள் கிணற்றில் குளோரைடு 250ஐத் தாண்டியிருந்தது, ஈகோலையும் இருந்தது. இப்போது குடிக்கக் கேன் தண்ணீர், புழங்க மட்டும் கிணறு.

மழைக்குப் பிந்தைய ரிப்போர்ட் மட்டுமே என் கையில் இருக்கிறது, கோடையில் இந்த எண்கள் மாறலாம். ஈயம் மாதிரியான உலோகங்களையும் எண்ணெயையும் நான் சோதிக்கவில்லை. அந்த விஷயத்தில் எந்த லேப் தேவலை என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை. 2013இல் தண்டையார்பேட்டையில் குழாய்க் கசிவால் போர் தண்ணீரில் எண்ணெய் வந்தது பலருக்கு நினைவிருக்கும். தொழிற்சாலைக்கோ எண்ணெய்க் குழாய்க்கோ பக்கத்தில் இருப்பவர்கள் இவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், வழக்கமான பேக்கேஜில் எண்ணெய்ச் சோதனை தானாக வராது. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் குளோரின் வாடை முழுதாகப் போன பிறகே லேபுக்குச் சொல்லி அனுப்புங்கள்.