பாதி வீடு, பாதி பள்ளி: கலிஃபோர்னியா சார்ட்டர் பள்ளியில் எங்கள் நான்காம் ஆண்டு

"வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தால் அரசாங்கம் பணம் தருகிறதாமே?" சாக்ரமெண்டோ பக்கம் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். தருவதில்லை. பெற்றோர் கையில் ஒரு டாலர்கூட வராது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஆர்வம் குறையாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கலிஃபோர்னியாவில் 1992இல் வந்த சட்டத்தின்படி நடப்பவை சார்ட்டர் பள்ளிகள். அரசுப் பணத்தில் இயங்குகின்றன, கட்டணம் கிடையாது. அவற்றில் வகுப்பறை சாராத ஒரு வகை உண்டு. பிள்ளையின் பெயர் அரசுப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். அன்றாடம் பாடம் நடத்துவது பெற்றோர். மேற்பார்வைக்குத் தகுதிச் சான்று பெற்ற ஓர் ஆசிரியர். இதோடு வாரத்தில் ஓரிரு நாள் நேரடி வகுப்பும் சேர்ந்தால் ஹைபிரிட் என்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் செவ்வாயும் வியாழனும் பள்ளி மையத்துக்குப் போகிறார்கள், மற்ற நாள்களில் வீட்டில் படிக்கிறார்கள். யாருடைய தலையீடும் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது: ஆண்டுதோறும் அக்டோபர் 1 முதல் 15க்குள் தனியார் பள்ளிக்கான உறுதிமொழிப் படிவத்தைத் தாக்கல் செய்துவிட்டுச் சொந்தச் செலவில் நடத்தலாம். இரண்டையும் 'ஹோம்ஸ்கூல்' என்றே அழைப்பதால்தான் இத்தனை குழப்பம்.

சேர்க்கையில் முதலில் பார்க்க வேண்டியது மாவட்டம் (கவுண்டி). இவ்வகைப் பள்ளி, தான் அனுமதி பெற்ற மாவட்டத்திலும் அதை ஒட்டிய மாவட்டங்களிலும் வசிக்கும் பிள்ளைகளை மட்டுமே சேர்க்க முடியும். இடத்தை விட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். எங்கள் பள்ளியில் உடன்பிறந்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு. மகளுக்கு இடம் கிடைத்த பின் மகனுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. முகவரிச் சான்று, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை கேட்டார்கள். வீட்டுப் படிப்பு என்றால் தடுப்பூசி வேண்டாம் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். மையத்துக்கு வந்து வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு அந்த விலக்கு பொருந்தாது.

இடம் உறுதியானதும் ஓர் ஒப்பந்தம் வரும். என்ன பாடம், எப்படி மதிப்பீடு, எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பு எல்லாம் அதில் இருக்கும். பெற்றோர், பிள்ளை, ஆசிரியர் மூவரும் கையெழுத்திட்ட பிறகே வருகை கணக்கில் ஏறும். கையெழுத்து இல்லாத நாளுக்குப் பள்ளிக்கு அரசு நிதி வராது என்பதால் அலுவலகம் விடாமல் துரத்தும்.

பிறகு ஆண்டு முழுவதும் ஓடும் சக்கரம் ஒன்றுதான். ஏறத்தாழ 20 பள்ளி நாளுக்கு ஒருமுறை ஆசிரியையைச் சந்திக்கிறோம். வருகைப் பட்டியலில் கையெழுத்து, பாடத்துக்கு ஒன்றாகப் பிள்ளை செய்த வேலையின் மாதிரித் தாள். தாளில் பெயரும் தேதியும் பிள்ளையின் கையெழுத்தில் இருக்க வேண்டும். மகள் பின்னக் கணக்குகளை அழகாகப் போட்டுவிட்டுத் தேதியை விட்டுவிட்டால் அது கிடப்பில்தான். முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் 2019இல் சான் டியேகோவில் ஓர் இணையவழிச் சார்ட்டர் பள்ளிக் கூட்டத்தின் மீது பெரிய மோசடி வழக்கு தொடரப்பட்டது. படிக்காத பிள்ளைகளின் பெயரில் கோடிக்கணக்கான டாலர் நிதி பெற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. 2020 தொடக்கத்திலிருந்து இவ்வகையில் புதிய பள்ளிகளுக்கான அனுமதியையும் அரசு நிறுத்தியது. இத்தனை காகிதக் கெடுபிடி எங்கிருந்து வருகிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

இனி, எல்லோரும் முதலில் கேட்கும் அந்தப் பணம். எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 2,600 டாலர் ஒதுக்குகிறார்கள். இடையில் சேர்ந்தால் அதற்கேற்பக் குறையும். புத்தகம், அறிவியல் பெட்டி, நீச்சல், இசை வகுப்பு எதுவானாலும் நாம் கேட்க வேண்டும், ஆசிரியை ஒப்ப வேண்டும், பள்ளி நேரடியாக விற்பனையாளருக்குக் கட்ட வேண்டும். எங்கள் வீட்டு நுண்ணோக்கியில் பள்ளியின் பட்டைக்குறி ஒட்டியிருக்கிறது. அது எங்களுடையது அல்ல, விலகும் நாளில் திருப்பித் தர வேண்டும். வண்ணமும் பயிற்சி ஏடும் தீர்ந்துபோகிறவை, அவற்றைத் திருப்பிக் கேட்பதில்லை.

மகனின் மிருதங்க வாத்தியாரைப் பள்ளி பணம் கட்டும் விற்பனையாளர் பட்டியலில் சேர்க்க, அவருக்கு விரல்ரேகைச் சோதனை, காப்பீட்டுச் சான்று, வரிப் படிவம் என்று ஒரு கோடைக்காலமே போயிற்று. "வாத்தியத்தை விட இந்தக் காகிதம் கனமாக இருக்கிறதே, அம்மா" என்றார். பிள்ளைகளோடு பழகுகிறவர்களைச் சோதிப்பது சரிதான். கோப்பு மேசை மேசையாகத் தூங்கியதுதான் சரியில்லை. சமயம் சார்ந்த பாடத்துக்கு இந்த நிதி செல்லவே செல்லாது. திருப்பாவை வகுப்புக்குக் கைக்காசுதான்.

ஒதுக்கீடு ஏன் இன்னும் அதிகமில்லை என்று கேட்பவர்கள் சட்டத்தைப் பார்க்க வேண்டும். முழு நிதி பெற, பள்ளி தன் அரசு வருவாயில் குறைந்தது 40 விழுக்காட்டைச் சான்று பெற்ற ஆசிரியர்களின் சம்பளத்துக்கும் சலுகைகளுக்கும், மொத்த வருவாயில் 80 விழுக்காட்டைக் கற்பித்தல் சார்ந்தவற்றுக்கும் செலவிட வேண்டும். ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள் என்பதே பொதுவான வரம்பு. என் அனுபவத்தில் நுண்ணோக்கியை விட அந்த ஆசிரியைதான் பெரிய வரவு. முதல் ஆண்டு வாய்த்தவர் படிவத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இப்போது இருப்பவர், மகன் எழுத்துகளை மாற்றிப்போடுவதைக் கவனித்து, வாசிப்புச் சோதனைக்கு அவராகவே எழுதிப்போட்டார். ஆளை மாற்றித் தரும்படி கேட்கலாம் என்பது யாரும் முன்வந்து சொல்லாத செய்தி. தயங்காமல் கேளுங்கள்.

மூன்றாம் வகுப்பு முதல் எட்டு வரையும் பதினொன்றிலும் வசந்தகால மாநிலத் தேர்வு உண்டு. எழுத்துமூலம் விலக்குக் கேட்கப் பெற்றோருக்கு உரிமை இருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை.

மைய நாள்களைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோதனைக்கூடம், குழு விவாதம், சண்டை, சமாதானம் என்று வீட்டில் என்னால் தர முடியாதவை அங்கே கிடைக்கின்றன. சிக்கல் மற்ற மூன்று நாள்களில்தான். அலுவலக அழைப்புகளுக்கு நடுவே பாடம் நடத்திவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. இங்கே எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் துணைக்கான விசா) வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருக்கும் பெண்கள் பலர் இதை எடுத்துக்கொள்கிறார்கள். அனுமதி வந்ததும் வேலையா பள்ளியா என்ற கேள்வி வீட்டுக்குள் எழும். அதைச் சேரும் முன்பே கணவன் மனைவி பேசிவிடுவது நல்லது. பாட்டி தாத்தாவைப் பார்க்க ஊருக்குப் போவதானாலும் ஆசிரியையிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், பாடமும் மாதிரித் தாளும் நிற்கக் கூடாது.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் யோசிப்பவர்கள், பள்ளியின் பாடங்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான ஏ-ஜி பட்டியலில் ஏற்கப்பட்டவையா என்று பாடவாரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள். அடுத்த ஆண்டு நடுநிலை வகுப்புக்கும் இங்கேயே தொடர விண்ணப்பித்திருக்கிறோம்.