பாலைவன ஜீப்புக்கு வாங்கிய ஆக்சிஜன் சென்சார் சிமுலேட்டர்

புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்ட வண்டியில், அதன் பின்னே இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்குப் பதிலாக வண்டியின் கணினிக்குப் போலி சிக்னல் தரும் சிறு பெட்டிதான் சிமுலேட்டர். அது வேண்டும் என்று எங்கள் ஷார்ஜா பட்டறைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வண்டி சாலையில் ஓடுமா, ரிகவரி லாரியில் ஏறி மணலுக்குப் போகுமா? சாலையில் ஓடி, ஆண்டுப் பரிசோதனைக்கும் போகும் வண்டியில் இதை நான் பொருத்துவதில்லை. அதற்குப் புதுக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வாங்குங்கள். அபுதாபியின் லிவா பாலைவனத்தில் உள்ள தல் மொரீப் மணல்மேட்டில் ஏறுவதற்கென்றே வைத்திருக்கும் வண்டிகளுக்குத்தான் இந்த விமர்சனம்.

நான் பொருத்தியது 2010 ஜீப் ராங்லரில், 3.8 லிட்டர் வி6. போட்டிக்காக ஹெடர் என்ற புகைக்குழாயை எஞ்சினில் மாட்டி, கன்வெர்ட்டர்களை எடுத்துவிட்ட வண்டி. கன்வெர்ட்டர்களுக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று நான்கு ஆக்சிஜன் சென்சார்கள். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின் சென்சாரின் வோல்டேஜ் 0.6, 0.7 அருகே அதிகம் அசையாமல் நிற்கும். அது இல்லாதபோது முன் சென்சாரைப் போலவே 0.1க்கும் 0.9க்கும் இடையே துள்ளும். கணினி அதைப் பார்த்து பி0420, பி0430 என்ற பழுதுக் குறியீடுகளைப் பதிந்து, செக் எஞ்சின் விளக்கைப் போட்டுவிடும்.

எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டுமே என்கிறார்கள் பலர். எப்போதும் எரியும் விளக்கால் யாருக்கு என்ன பயன்? நடுப் பாலைவனத்தில் உண்மையான பழுது வரும்போது அது உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. சிமுலேட்டருக்குக் காசு கொடுப்பது இதற்காகத்தான். பவர் கூடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். முன் சென்சாரில் மட்டும் இதை மாட்டவே கூடாது. பெட்ரோல் அளவைத் திருத்துவது அந்தச் சென்சார்தான். அதற்குப் பொய் சொன்னால் எஞ்சினே போய்விடும்.

இனி பொருளுக்கு வருகிறேன். தீப்பெட்டி அளவில், எபாக்சி ஊற்றி மூடிய கறுப்புப் பெட்டி. பெயர் எதுவும் அச்சிடப்படவில்லை. எஞ்சினின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 180 திர்ஹம் கொடுத்தேன். நான்கு கம்பிகள்: 12 வோல்ட், எர்த், சிக்னல், சிக்னலின் திரும்பு கம்பி. இந்த நான்காவது கம்பி எர்த்தோடு ஒட்டாமல் தனியாக இருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உடன் வந்த தாளோ அதையும் எர்த்தையும் சேர்த்து பாடியில் மாட்டச் சொல்கிறது. ஜீப்பில் அது நடக்காது. சாவியைத் திருப்பி, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாடியிலும் மறுமுனையைச் சென்சாரின் திரும்பு கம்பியிலும் வைத்தேன்: 2.5 வோல்ட். க்ரைஸ்லரின் இந்தக் கணினி அப்படித்தான், சிக்னலை அந்த 2.5க்கு மேல்தான் அளக்கும். தாளின்படி மாட்டியவர்களுக்கு விளக்கு அணையாமல் போவதில் வியப்பில்லை. பெட்டியின் மேல் பழி சொல்வதும் நியாயமில்லை. நான்காவது கம்பியை ஜீப்பின் திரும்பு கம்பியோடு சாலிடர் செய்தேன். பெட்டியின் சிக்னல் குளிர்ந்த எஞ்சினில் சற்று நேரம் தாழ்ந்து நின்று, பிறகு மெதுவாக 0.65க்கு ஏறி, அங்கே லேசாக அசைந்துகொண்டிருந்தது. நல்ல கன்வெர்ட்டருக்குப் பின்னே இருக்கும் சென்சார் இப்படித்தான் நடந்துகொள்ளும். வெறும் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வைத்த மலிவுச் சரக்கில் இந்தப் பக்குவம் கிடைப்பதில்லை.

பழைய பின் சென்சார்களைக் கழற்றித் தொங்கவிடாதீர்கள். சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரையும் கணினி கண்காணிக்கிறது. அதனால் ஹீட்டர் கம்பிகளை அப்படியே விட்டு, சிக்னல் கம்பிகளை மட்டும் பிரிக்க வேண்டும். சென்சார் புகைக்குழாயிலேயே முறுக்கியிருக்கட்டும். வெளியே தொங்கினால் அதன் சூடு பக்கத்து வயரிங்கை உருக்கிவிடும். பெட்டிக்கான 12 வோல்ட்டையும் ஹீட்டரிலிருந்து எடுக்காமல், சாவியோடு உயிர்பெறும் ஃப்யூஸ் ஒன்றிலிருந்து எடுங்கள்.

குறை என்றால் கம்பிகள்தான். சாதாரண மெல்லிய பிவிசி உறை. சைலன்சர் பக்கம் கொண்டுபோனால் தாங்காது. கண்ணாடி இழை உறை போட்டு, பெட்டியை டாஷ்போர்டுக்கு அடியில் கட்டினேன். உடன் வந்த கனெக்டரில் மாவு போன்ற லிவா மணல் புகுந்துவிடும் என்பதால் அதை வெட்டி எறிந்துவிட்டு, இணைப்புகளைச் சாலிடர் செய்து, சூட்டில் சுருங்கும், பசை உள்ள குழாயால் மூடினேன். லிவா போய்த் திரும்பிய வண்டியில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தபோது ஒரு பழுதுக் குறியீடும் இல்லை. அடுத்த ராங்லருக்கும் இதே பெட்டியைத்தான் வாங்கப் போகிறேன், அந்தத் தாளைத் தவிர.