ஆல்டோவுக்கு நாலு டயர், 9,400 ரூபாய் போச்சு: ஆப்பில் பார்த்து டயர் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று மறுபடியும் அந்தக் கடைக்குப் போனேன். ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, "இது நாங்க போட்ட டயரே இல்லைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 9,400 ரூபாய். தீபாவளி போனஸில் வேறு எதற்கும் தொடாமல் டயருக்கென்று எடுத்து வைத்த பணம். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கடையின் பெயரையோ ஆப்பின் பெயரையோ போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதற்கு முன்னால் பெயரைப் போட்டு நீங்களே சிக்கலாக்கிக் கொள்ளாதீர்கள் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். பழைய பைக், சோபா, செல்போன் எல்லாம் விற்கிற ஆப்கள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்று. கடை, நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கொட்டகை போட்ட ஒரு டயர் பட்டறை. டயர் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். வண்டி 2014 மாடல் ஆல்டோ 800, இரண்டாவது கையாக வாங்கியது. மாதம் ஒரு தடவை அம்மாவைக் கோயம்புத்தூருக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதற்கும், பண்டிகைக்கு ஊருக்குப் போவதற்கும்தான் அதை எடுப்பது. டயர் நான்கும் மொட்டையாகி ரொம்ப நாள் ஆகிவிட்டது. மழைக்காலம் வருவதற்குள் மாற்றிவிடுங்கள் என்று எங்கள் தெருமுனை பங்க்சர் கடைக்காரர் ஆவணியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். 2025 செப்டம்பர் 22-ல் டயருக்கு ஜி.எஸ்.டி.யை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தார்கள். விலை இறங்கட்டும் என்று நானும் காத்திருந்தேன். இறங்கிய பிறகும் ஊருக்குள் டீலரிடம் கேட்டால் ஒரு டயர் 3,250. நான்குக்கு 13,000. அலைன்மென்ட், பேலன்சிங் தனி.

அந்த நேரத்தில்தான் ஆப்பில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. "ஆல்டோ 145/80 ஆர்12, புது காரில் அலாய் வீல் மாற்றும்போது கழற்றியது, 200 கி.மீ. கூட ஓடவில்லை, நான்கு டயர் 9,400, ஃபிட்டிங் இலவசம்." அலாய் போடுகிறவர்கள் கம்பெனி வீலையும் டயரையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவது நடக்கிற விஷயம்தான். சென்னை புதுப்பேட்டையில் அப்படி நல்ல டயர் வாங்கியவர்களை எனக்கே தெரியும். அதனால் சந்தேகம் வரவில்லை. 3,600 ரூபாய் மிச்சம் என்பது என் மாதிரி சம்பளக்காரனுக்குச் சின்னத் தொகை இல்லை.

அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குப் போனேன். கடைக்காரருக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். "வாங்கண்ணா, உட்காருங்கண்ணா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உள்ளேயிருந்து ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார். புது டயரில் ஊசி ஊசியாக ரப்பர் முடி நிற்கும் இல்லையா, அது அப்படியே இருந்தது. "தடவிப் பாருங்கண்ணா" என்றார். தடவிப் பார்த்தேன். அப்புறம் செல்போன் டார்ச்சை அடித்து, டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையைக் காட்டினார்.

"கடைசி நாலு நம்பரைப் பாருங்கண்ணா. 2125. முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். இந்த வருஷம் மே மாசம் அடிச்ச டயர். யார் சொன்னாலும் நம்பாதீங்க, இந்த நம்பரைப் பார்த்துத்தான் வாங்கோணும்."

இந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். டயருக்குத் தேதி உண்டு என்பதையே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஏமாற்ற நினைக்கிறவன் ஏமாறாமல் இருக்கும் வழியைச் சொல்லித் தருவானா? மீதி மூன்றையும் காட்டச் சொல்லிக் கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. கேட்டால் அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்று ஒரு கூச்சம். "எதிர்ல பேக்கரியில டீ சாப்பிட்டு வாங்கண்ணா, அரை மணி நேரத்துல முடிஞ்சுரும், காசு நான் பார்த்துக்கறேன்" என்றார். போய் உட்கார்ந்து டீயும் ஒரு தேங்காய் பன்னும் சாப்பிட்டேன். அந்த அரை மணி நேரம் வண்டி பக்கத்தில் நின்றிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இல்லை.

திரும்பி வந்தபோது நான்கு வீலும் மாட்டி, கறுகறுவென்று பளபளத்தது வண்டி. பில் கேட்டேன். "பில் போட்டா 18 சதவீதம் மேல வருங்கண்ணா, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு? ஏதாவதுன்னா நேரா வாங்க, நான் இருக்கறேன்" என்றார். ஜி.பே.யில் 9,400 அனுப்பினேன். கடைப் பெயர் வரவில்லை, ஏதோ ஒரு பெண் பெயர் வந்தது. வீட்டுக்காரம்மா அக்கவுண்ட் என்றார். சரி என்றேன். பழைய டயர்களையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். ஃபிட்டிங் இலவசம் என்பதற்கு அதுதான் ஈடாம்.

பதினோராவது நாள். நவம்பர் 6, வியாழக்கிழமை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவிநாசி வழியாகக் கோயம்புத்தூர் போய்க்கொண்டிருந்தேன். அதுவரை ஊருக்குள் நாற்பதைத் தாண்டி ஓட்டவில்லை. ஆறுவழிச் சாலையில் ஏறி, தெக்கலூர் தாண்டி எழுபதைத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் தடதடவென்று ஆட ஆரம்பித்தது. பின்சீட்டில் அம்மா, "வண்டி ஏன் சாமி இப்படி ஆடுது?" என்று கேட்டது. வேகத்தைக் குறைத்தால் ஆட்டம் குறைந்தது, ஆனால் பின்பக்கம் இடது பக்கமாகத் தூக்கித் தூக்கிப் போட்டது. கருமத்தம்பட்டி வரை முப்பதிலேயே உருட்டிக்கொண்டு போய் ஒரு பங்க்சர் கடையில் நிறுத்தினேன்.

கடையில் ஒரு பெரியவர். ஜாக்கி போட்டுப் பின்வீலைத் தூக்கினார். உள்பக்கச் சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. ஒன்றும் பேசாமல் வீலைக் கழற்றிக் கீழே போட்டுப் பக்கவாட்டை கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார். விரல் கறுப்பாகிவிட்டது, பாலிஷ். தேய்த்த இடத்தில் வறண்ட குளத்து மண் மாதிரி பொடிப்பொடியாக வெடிப்பு. அப்புறம் பட்டனை, அதாவது ரோட்டில் படுகிற ரப்பர் கட்டங்களை, இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார். பள்ளத்தின் அடியில் கத்தி போன தடம் கோடு கோடாகத் தெரிந்தது. டயர் தேய்ந்தது தெரிவதற்காகப் பள்ளத்துக்கு நடுவில் குறுக்கே சின்ன மேடு வைத்திருப்பார்கள். மேல் பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மீதி, மாற்றியாக வேண்டும் என்று அர்த்தம். அந்த மேட்டையே வெட்டி எடுத்திருந்தார்கள். ஒரு இடத்தில் வெட்டு ஆழமாகி உள்ளே கம்பி மினுங்கியது.

"மொட்டை டயருங்க இது. சூடு கத்தி வெச்சுப் பட்டன் வெட்டியிருக்கறாங்க. லாரி டயர்ல வெட்டறதுக்குன்னே கனமா ரப்பர் வெச்சு, டயர்லயே எழுதியிருப்பான். கார் டயர்ல இதைப் பண்ணவே கூடாது" என்றார். புது காரில் கழற்றியது என்று வாங்கினேன் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆல்டோ 800-ஐ கம்பெனி 2023-லயே நிறுத்திட்டான் சாமி. இப்ப வர்ற ஆல்டோவுக்குப் பதிமூணு இஞ்ச் வீல், இது பன்னெண்டு. இந்த சைஸைப் புது வண்டியில எங்கிருந்து கழட்டுவாங்க?"

அந்த ஒரு கேள்வி எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். விளம்பரத்திலேயே பொய் இருந்திருக்கிறது.

மற்ற மூன்று வீல்களிலும் வெளிப்பக்கம் தேதியே இல்லை. முழு டி.ஓ.டி. எண் பல டயர்களில் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை வேண்டுமென்றே உள்பக்கமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். வண்டிக்கு அடியில் செல்போனை நீட்டி வீடியோ எடுத்துப் பார்த்தோம். இரண்டில் 3316. அதாவது 2016 ஆகஸ்ட். ஒன்றில் 0815, 2015 பிப்ரவரி. வீங்கிய டயரில் எண்ணே இல்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி வழவழவென்று இருந்தது. எனக்குக் காட்டிய 2125 டயரை என் வண்டியில் போடவே இல்லை.

அங்கிருந்தே போன் செய்தேன். முதலில் எடுத்தார். "ரோட்டுல குழியில விட்டிருப்பீங்கண்ணா" என்றார். தேதியைச் சொன்னேன். "லைன்ல இருங்க" என்று வைத்தவர்தான், அப்புறம் எடுக்கவில்லை. பெரியவர் ஸ்டெப்னியை மாட்டிக் கொடுத்து, ஐம்பதுக்கு மேல் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். மெதுவாக ஆஸ்பத்திரி போய் வந்தோம். அம்மா வழி முழுக்கக் கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன். ஓனர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம். அப்படியென்றால் அன்றைக்கு என்னிடம் பேசியவர் யார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொன்னார்கள். பன்னிரண்டு போட்டோவும் வீடியோவும் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, அவ்வளவுதான். சனிக்கிழமை நேரில் போனேன். டயர் மாட்டிய பையன் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு கம்ப்ரஸர் பக்கம் போய்விட்டான். "ஓனர் நாளைக்கு வருவாருங்க" என்றார்கள். நேற்று வந்தார். அதே ஆள்தான். அன்றைக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டவர் நேற்று உட்காரச் சொல்லவில்லை.

"செகண்ட்ஹேண்ட் பொருளுக்கு கேரண்டி கிடையாதுங்க." செகண்ட்ஹேண்டுக்கு நான் கேரண்டி கேட்கவில்லை, நீங்கள் காட்டிய டயர் எங்கே என்றுதான் கேட்கிறேன் என்றேன். "நான் போட்ட டயர் இதுதான்னு என்ன ஆதாரம் வெச்சிருக்கறீங்க? பில் இருக்குதா?" ஜி.பே. ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினேன். "அது யாருக்கோ அனுப்பியிருக்கறீங்க." 9,400 ரூபாயை வாங்கி முழுதாக இரண்டு வாரம் முடிந்தது ஞாயிற்றுக்கிழமையோடு. அண்ணா என்று கூப்பிட்ட வாய் இப்போது யாருக்கோ என்கிறது. என் பழைய டயர்களையாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். அது எப்போதோ போய்விட்டதாம். என் மொட்டை டயர் நான்கும் இப்போது பட்டன் வெட்டி, பாலிஷ் போட்டு யார் வண்டியில் ஓடுகிறதோ, நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

ஆப்பில் புகார் கொடுத்தேன். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு பதில், அதோடு "உங்கள் புகார் முடிக்கப்பட்டது". விளம்பரத்தைக் கடைக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். ஆப்பில் என்னைத் தடுத்தும் வைத்துவிட்டார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன், பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்து எண் கொடுத்தார்கள். அவர்களும் முதலில் கேட்டது பில்தான். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 9,400 ரூபாய்க்கா இவ்வளவு அலைச்சல் என்று வீட்டில் கேட்கிறார்கள். அலைவேன். அந்த வீக்கம் எண்பதில் வெடித்திருந்தால் பின்சீட்டில் அம்மா.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதுவதாகச் சொன்னேன். இப்போது மனசு நிதானத்தில் இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். நான்கு டயரின் தேதியையும் ரிம்மில் ஏற்றுவதற்கு முன் நீங்களே பார்த்து போட்டோ எடுங்கள், தேதியை வெளிப்பக்கம் வைத்து மாட்டச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை டீ குடிக்கப் போகாதீர்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், பணம் கடைப் பெயருக்குத்தான் போக வேண்டும். விளம்பரத்தையும் ஆப்பில் பேசிய மெசேஜ்களையும் அன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நான் எடுக்கவில்லை. கையில் காசு இல்லையென்றால் இந்த மாதம் இரண்டு, அடுத்த மாதம் இரண்டு என்று டீலரிடம் புதிதாகவே வாங்குங்கள்.

நான் இப்போது அதைத்தான் செய்ய வேண்டும். 6,500 ரூபாய் கடன் கேட்டிருக்கிறேன்.

இன்று காலை மனைவியின் போனில் அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். வேறு பெயர், வேறு நம்பர். போட்டோ அதேதான், மூலையில் அந்த நீல ஸ்டூல்கூடத் தெரிகிறது. "ஆல்டோ டயர், 200 கி.மீ. கூட ஓடவில்லை." விலை மட்டும் 8,900.