அமெரிக்காவில் கால்பந்து (சாக்கர்): ஹைஸ்கூல், கிளப், கல்லூரி, தொழில்முறை, எந்த வழி எந்தக் கதவைச் சாத்துகிறது?

ஐரோப்பாவில் ஒரு கிளப் பத்து வயதுப் பையனை எடுத்துக்கொண்டால், அவன் முதல் அணிவரை வளர்ந்தாலும் நடுவில் கழற்றிவிடப்பட்டாலும் எல்லாம் கிளப் உலகத்துக்குள்ளேயே நடக்கும். அமெரிக்காவில் அதே பையன் இருபது வயதுக்குள் மூன்று நான்கு நிர்வாகங்களின் கீழ் ஆடிவிடுவான். ஹைஸ்கூல் ஆட்டத்தை மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் நடத்துகிறது. கிளப் ஆட்டம் ஒன்றோடொன்று போட்டியிடும் லீக்குகளின் கையில் இருக்கிறது. கல்லூரிக்கு என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டுச் சங்கம், அதற்கு மேலே எம்எல்எஸ், யுஎஸ்எல், பெண்களுக்கு என்டபிள்யூஎஸ்எல் ஆகிய தொழில்முறை லீக்குகள். காலண்டரும் விதிகளும் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒன்றில் சேர்ந்தால் இன்னொன்று அடைபடும் இடங்கள் நடுவில் இருக்கின்றன. பெற்றோர் பலருக்கு அது தெரியவருவது அடைபட்ட பிறகுதான். எனவே எந்த லீக் உசத்தி என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு, பிள்ளைக்கு வாரம் எத்தனை நிமிடம் ஆடக் கிடைக்கிறது, இந்த முடிவு பிறகு எதைத் தடுக்கும் என்ற இரண்டு கேள்விகளை வைத்தே இங்கே ஒப்பிடுகிறோம்.

ஹைஸ்கூலும் கிளப்பும்

பெரும்பாலான மாநிலங்களில் ஹைஸ்கூல் சீசன் ஆகஸ்டில் தொடங்கி நவம்பருக்குள் முடிந்துவிடும். டெக்ஸஸ், ஃப்ளோரிடா போன்ற இடங்களில் குளிர்காலம், ஜார்ஜியாவில் வசந்தகாலம். பத்துப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதினைந்து முதல் இருபது ஆட்டம், நடுநாட்களில் தினமும் பயிற்சி. ஆட்டம் 80 நிமிடம். வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போகலாம், கணக்கில்லை. ஆட்டத்தின் குணத்தையே மாற்றுவது இந்த ஒரு விதிதான். களைத்த காலை எடுத்துவிட்டுப் புதுக் காலை அனுப்பிக்கொண்டே இருக்கலாம் என்பதால் ஓட்டமும் மோதலும் கூடுகின்றன. பந்தைக் காலில் வைத்து வேகத்தைத் தணிக்க வேண்டிய அவசியம் குறைகிறது. பதினான்கு வயதுப் பிள்ளை பதினெட்டு வயது உடம்போடு முட்டவேண்டி வருவதும் இங்கேதான். ஆனால் வகுப்புத் தோழர்கள் கேலரியில் நின்று கத்த, ஊர்ப் பெயருக்காக ஆடும் அனுபவம் கிளப்பில் கிடைக்காது. செலவும் பெரிதாக இல்லை.

கிளப்பில் சீசன் சுமார் பத்து மாதம். வாரத்துக்கு மூன்று நான்கு பயிற்சி, வார இறுதியில் ஒன்றிரண்டு ஆட்டம். எல்லாரும் ஏறக்குறைய ஒரே வயது. மேல்மட்ட லீக்குகளில் மறுபடி உள்ளே வருவதற்குக் கட்டுப்பாடு உண்டு. பயிற்சியின் தரம் பொதுவாக ஹைஸ்கூலைவிட மேல். கட்டணம் ஆண்டுக்கு 2,000 முதல் 5,000 டாலர். விமானம், ஹோட்டல், சீருடை சேர்த்தால் இன்னும் அவ்வளவு போகும். இவ்வளவு கட்டணத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. வளர்த்த வீரர் விலைபோனால் வளர்த்த கிளப்புக்குப் பங்கு என்ற ஃபிஃபா ஏற்பாட்டை அமெரிக்கா நெடுங்காலம் நடைமுறைப்படுத்தவில்லை. எம்எல்எஸ் கிளப்புகளே 2019இல்தான் அந்தப் பணத்தைக் கேட்கத் தொடங்கின. அந்த வரவு இல்லாத கிளப் பெற்றோரிடம்தான் வாங்கியாக வேண்டும்.

கல்லூரிக் கோச்சுகள் ஏன் ஹைஸ்கூல் ஆட்டத்துக்கு வருவதில்லை என்று பலர் வருந்துவார்கள். இலையுதிர் காலத்தில் அவர்களுக்கே சீசன். வர நேரம் ஏது? மற்ற மாதங்களில், கோச்சுகள் பார்ப்பதற்காகவே பல அணிகள் கூடி ஆடும் கிளப் ஷோகேஸ் ஒன்றுக்குப் போனால் ஒரே வளாகத்தில் இரண்டு நாளில் நாற்பது ஐம்பது அணிகளைப் பார்த்துவிடலாம். ஆள் தேடல் கிளப் பக்கம் சாய்ந்ததற்கு முதல் காரணம் இந்த வசதி.

இரண்டையும் ஆடலாமா என்பதில்தான் சிக்கல். அமெரிக்கக் கால்பந்து சம்மேளனம் 2007இல் தொடங்கிய டெவலப்மென்ட் அகாடமி என்ற இளையோர் லீக், 2012–13 சீசனிலிருந்து பத்து மாத காலண்டரைக் கொண்டுவந்து ஹைஸ்கூல் ஆட்டத்துக்குத் தடை போட்டது. 2020 ஏப்ரலில் அதை மூடிவிட்டார்கள். பையன்களுக்கு அந்த இடத்தில் எம்எல்எஸ் நெக்ஸ்ட் என்ற இளையோர் லீக் வந்தது. அதன் மேலடுக்கில் ஹைஸ்கூல் ஆட்டம் பொதுவாகக் கிடையாது. பின்னர் சேர்த்த இரண்டாம் அடுக்கில் அதற்கு இடம் தருகிறார்கள். ஈசிஎன்எல் என்ற இன்னொரு பெரிய இளையோர் லீக் ஹைஸ்கூலை அனுமதிக்கிறது. கையெழுத்துப் போடும் முன் இரண்டைக் கேளுங்கள்: ஹைஸ்கூல் சீசனில் கிளப் பயிற்சி நிற்குமா, குறையுமா, அப்படியே நடக்குமா? விதிவிலக்கு உண்டென்றால் அதை எழுத்தில் தருவார்களா?

பயிற்சி நிற்காத கிளப்பில் இருந்துகொண்டு ஹைஸ்கூலும் ஆடுவது தவறு என்றே சொல்வோம். இரண்டு கோச்சுகள், ஒருவர் கொடுத்த சுமை மற்றவருக்குத் தெரியாது. செவ்வாயும் வியாழனும் பள்ளி ஆட்டம், புதன் இரவு கிளப் பயிற்சி, சனிக்கிழமை கிளப் ஆட்டம் என்று போனால் தொடைத் தசைப் பிடிப்பில் தொடங்கி முழங்காலில் முடியும். பெண் பிள்ளைகளுக்கு முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழியும் ஆபத்து பையன்களைவிட அதிகம். ஃபிஃபா 11+ என்ற இருபது நிமிட வார்ம்-அப் காயங்களைக் கணிசமாகக் குறைப்பது ஆய்வுகளில் நிரூபணமானது. உங்கள் கோச் அதைச் செய்விக்கிறாரா என்று போய் நின்று பாருங்கள். கிளப்பின் தரத்தை அளக்க, கோப்பை அலமாரியைவிட இது நல்ல அளவுகோல்.

இன்னொரு கண்ணி வயதுக் கணக்கு. பிறந்த ஆண்டை வைத்து அணி பிரித்தபோது, ஆகஸ்டிலிருந்து டிசம்பருக்குள் பிறந்தவர்கள் அணித் தோழர்களைவிட ஒரு வகுப்பு கீழே இருந்தார்கள். தோழர்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய் ஹைஸ்கூல் சீசனில் இறங்கியதும், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்று மாதம் அணியே இருக்காது. இவர்களை ‘டிராப்டு பிளேயர்’, அதாவது நடுவில் சிக்கிக்கொண்டவர், என்பார்கள். யுஎஸ் யூத் சாக்கர், யுஎஸ் கிளப் சாக்கர், ஏஒய்எஸ்ஓ ஆகிய மூன்று இளையோர் கால்பந்து அமைப்புகளும் 2026–27 சீசனிலிருந்து ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்ற கணக்குக்கு மாற முடிவெடுத்தது முக்கியமாக இதனால்தான். மாறும் ஆண்டில் அணிகள் கலைந்து சேரும். தேர்வுக்கு முன் பிள்ளை எந்த வயதுப் பிரிவில் விழுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

லீக் பேட்ஜும் ஆடும் நிமிடமும்

மேல்மட்ட இளையோர் லீக்குகள் என்றால் எம்எல்எஸ் நெக்ஸ்ட், ஈசிஎன்எல், பெண்களுக்கு கேர்ள்ஸ் அகாடமி. இவற்றுக்குக் கீழே யுஎஸ் யூத் சாக்கரின் நேஷனல் லீக், என்பிஎல் போன்றவை. பெரிய லீக் அணியில் பதினெட்டாவது ஆளாக உட்கார்ந்து ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் ஆடும் பிள்ளை, ஓரடுக்கு கீழே முழு ஆட்டமும் ஆடும் பிள்ளையிடம் இரண்டு ஆண்டில் தோற்றுப்போகும். காரணம் எளிது: களைத்துப்போன எழுபதாவது நிமிடத்தில் எடுக்கும் முடிவைப் பெஞ்சில் உட்கார்ந்து கற்க முடியாது. சேரும் முன், உங்கள் பிள்ளையின் இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதுவே பதில்.

எம்எல்எஸ் கிளப்புகளின் சொந்த அகாடமி மட்டும் வேறு கணக்கு. பெரும்பாலும் கட்டணமே இல்லை. பிலடெல்பியா யூனியன்போலப் பள்ளிப் படிப்பையும் அகாடமியோடு சேர்த்து நடத்துவோரும் உண்டு. ஆனால் அங்கே ஒவ்வோர் ஆண்டும் ஆள் கழிப்பார்கள்.

பையன்களுக்கு: அகாடமியிலிருந்து நேரேயா, கல்லூரி வழியா

எம்எல்எஸ் 2008இல் ஹோம்குரோன் விதியைக் கொண்டுவந்தது. அகாடமியில் வளர்ந்தவனை, கிளப்புகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் இல்லாமல் கிளப் நேரே ஒப்பந்தம் செய்யலாம். 2022இல் எம்எல்எஸ் நெக்ஸ்ட் ப்ரோ என்ற கீழடுக்குத் தொழில்முறை லீக் தொடங்கியதும் அகாடமிக்கும் முதல் அணிக்கும் நடுவே ஒரு படி கிடைத்தது. டைலர் ஆடம்ஸ் நியூயார்க் ரெட் புல்ஸ் அகாடமியிலிருந்து பதினாறு வயதிலேயே தொழில்முறைக்குப் போனவர். வெஸ்டன் மெக்கென்னி வர்ஜீனியா பல்கலைக்கழக வாய்ப்பை விட்டுவிட்டு 2016இல் டல்லாஸ் அகாடமியிலிருந்து ஜெர்மனியின் ஷால்கேவுக்குப் போனார். கல்லூரி வழியும் செத்துவிடவில்லை. மைல்ஸ் ராபின்சன் 2017இலும், டேஜன் பியூகேனன் 2019இலும் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்திலிருந்து சூப்பர்டிராஃப்ட் என்ற எம்எல்எஸ் டிராஃப்டில் வந்தவர்கள். கோல்கீப்பர் மேட் டர்னரை ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்திலிருந்து யாரும் டிராஃப்டில் எடுக்கவே இல்லை. பிறகு அமெரிக்க அணிக்கு உலகக் கோப்பை ஆடினார். கோல்கீப்பரும் சென்டர்-பேக்கும் தாமதமாகத்தான் பழுப்பார்கள். அந்த இடங்களில் ஆடும் பையனுக்குக் கல்லூரி நல்ல காத்திருப்பு. விங்கருக்கும் ஸ்டிரைக்கருக்கும் பதினெட்டு முதல் இருபத்திரண்டு வரையான ஆண்டுகளின் விலை அதிகம்.

கல்லூரி ஆட்டத்தின் குறை சீசனில் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பருக்குள் வாரம் இரண்டு ஆட்டம் என்று நெருக்கி முடித்துவிடுகிறார்கள். உடம்பு மீளவே நேரம் போதாது; தவறைத் திருத்தப் பயிற்சி நாள் எங்கே? அதற்குப் பிறகு பல மாதம் கணக்கில் சேரும் ஆட்டமே இல்லை. அதே வயதில் நெக்ஸ்ட் ப்ரோவில் ஆடுபவன் மார்ச் முதல் இலையுதிர் காலம்வரை வாரம் ஓர் ஆட்டமாக ஆடுகிறான்.

கதவு சாத்தும் இடம் ஒப்பந்தம். அகாடமிப் பையன் சம்பளம் வாங்காமல் அமெச்சூராக நெக்ஸ்ட் ப்ரோவிலோ, அகாடமி ஒப்பந்தத்தில் யுஎஸ்எல் அணியிலோ ஆடினால் கல்லூரித் தகுதி பொதுவாகத் தங்கும். தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலோ, அதற்காக ஏஜென்டோடு உடன்பாடு வைத்தாலோ ஆபத்து. 2025இல் எம்எல்எஸ் ரிசர்வ் வீரரின் குறைந்தபட்சச் சம்பளம் 80,622 டாலர்; நெக்ஸ்ட் ப்ரோவில் இதைவிடக் குறைவு. கல்விச் செலவுக்கான தொகையை ஒப்பந்தத்திலேயே எழுதித் தருவது இளம் வீரர்களுக்கு வழக்கத்தில் உள்ளது. கேட்காமல் விடாதீர்கள்.

ஐரோப்பாக் கனவுக்கு ஒரு வரி போதும்: பதினெட்டுக்குக் கீழே நாடு மாற்ற ஃபிஃபா விதி தடை. பதினாறில் போக ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை வேண்டும். புலிசிக் டோர்ட்முண்டுக்கு அந்த வயதில் போனது தாத்தா வழியில் கிடைத்த குரோயேஷியப் பாஸ்போர்ட்டால்.

பெண்களுக்குக் கணக்கு வேறு

கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972இன் டைட்டில் ஒன்பது சட்டத்தால் கல்லூரிகள் பெண்கள் அணிகளை வளர்த்தாக வேண்டியிருந்தது. என்சிஏஏவின் உச்ச அடுக்கான டிவிஷன் ஒன்றில் ஆண்கள் அணிகள் 200க்குச் சற்று மேல். பெண்கள் அணிகள் ஏறக்குறைய 350. அதனால் பெண்களுக்குக் கல்லூரியே பிரதான வழியாக இருந்துவந்தது. அது இப்போது அசைகிறது. லிண்ட்ஸி ஹோரன் 2012இலேயே கல்லூரியை விட்டுவிட்டுப் பாரிஸுக்குப் போனார். ஒலிவியா மோல்ட்ரி 2021இல் நீதிமன்றம் போய் வயது வரம்பைத் தாண்டி பதினைந்து வயதில் போர்ட்லேண்டில் சேர்ந்தார். டிரினிட்டி ராட்மன் கல்லூரியில் ஓர் ஆட்டமும் ஆடாமல் அதே ஆண்டு டிராஃப்டில் இரண்டாவதாகப் போனார். 2024இல் என்டபிள்யூஎஸ்எல் டிராஃப்டையே ஒழித்துவிட்டது. வீராங்கனை தன் கிளப்பைத் தானே பேசி முடிவுசெய்யலாம்.

ஆனாலும் 2025இல் அங்கே குறைந்தபட்சச் சம்பளம் 48,500 டாலர்தான். பையன்களுக்கு உள்ளதுபோல லீக் முழுக்க இலவச அகாடமி அமைப்பும் இல்லை. பட்டப்படிப்பின் மதிப்போடு வைத்துப் பார்த்தால், தேசிய இளையோர் அணி அளவுக்குப் போகாத பெண்ணுக்குக் கல்லூரியே சரி என்பது எங்கள் முடிவு.

கல்லூரிக்குள்: ஸ்காலர்ஷிப் கணக்கு

முழு ஸ்காலர்ஷிப் என்ற எதிர்பார்ப்பை இறக்கி வையுங்கள். டிவிஷன் ஒன்று ஆண்கள் அணி முழுவதற்கும் நெடுங்காலம் 9.9 ஸ்காலர்ஷிப், பெண்கள் அணிக்கு 14. இருபத்தைந்து முப்பது பேருக்கு அதைப் பிரிப்பார்கள். என்சிஏஏ மீது கல்லூரி வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் ஒப்புதலான சமரசத்துக்குப் பின், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு இந்த உச்சவரம்பு போய், அணிக்கு 28 பேர் என்ற வரம்பு வந்தது. கொடுக்கலாம் என்று அனுமதி வந்ததே ஒழிய, கொடுக்கப் பணம் எல்லாரிடமும் இல்லை. அடிபட்டது ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேரும் வாக்-ஆன் பிள்ளைகள். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் இருபத்தொரு வயது ஆள் கிடைக்கும்போது கோச் பதினெட்டு வயதுப் பிள்ளைக்காகக் காத்திருப்பதும் குறைந்துவிட்டது.

கல்லூரியின் இணையதளத்தில் ரோஸ்டர் என்ற அணிப் பட்டியலைத் திறந்து பிள்ளையின் இடத்தில் ஆடுபவர்களை எண்ணுங்கள். எத்தனை பேர் முதலாண்டு, எத்தனை பேர் வேறு கல்லூரியிலிருந்து, எத்தனை பேர் வெளிநாட்டிலிருந்து? ஹைஸ்கூலிலிருந்து நேரே வந்தவர் இரண்டே பேர் என்றால் கோச்சின் இனிய மின்னஞ்சலைவிட அந்த எண்ணிக்கையை நம்புங்கள்.

டிவிஷன் இரண்டில் ஆண்கள் அணிக்கு 9 ஸ்காலர்ஷிப், பெண்கள் அணிக்கு 9.9; சிறிய கல்லூரிகளின் தனிச் சங்கமான என்ஏஐஏவில் 12. டிவிஷன் மூன்றிலும் ஐவி லீக்கிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. ஆனால் மதிப்பெண் நல்ல பிள்ளைக்கு, டிவிஷன் மூன்றில் படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் தரும் உதவி, டிவிஷன் ஒன்றின் கால்பங்கு ஸ்காலர்ஷிப்பைத் தாண்டிவிடுவது உண்டு. அங்கே ஆட்டமும் மட்டமில்லை. 2022இல் ஆண்கள் பட்டத்தை வென்ற சிகாகோ பல்கலைக்கழக அணியின் கோச் ஜூலியான் சிட்ச், ஆண்கள் கால்பந்து அணியை என்சிஏஏ பட்டத்துக்குக் கொண்டுபோன முதல் பெண்.

தேதிகள்: பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல் டிவிஷன் ஒன்று கோச்சுகள் பிள்ளையோடு நேரே பேசலாம், ஆகஸ்ட் 1 முதல் அதிகாரபூர்வ வருகை. அதற்கு முன் நீங்கள் எழுதலாம், ஆள் சேர்ப்பு பற்றி அவர்கள் பதில் எழுத முடியாது. எனவே மௌனத்தை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷோகேஸுக்குப் பத்து நாள் முன்பு மின்னஞ்சல் போகட்டும்: பட்டம் பெறும் ஆண்டு, ஆடும் இடம், சட்டை எண், மைதான எண்ணும் நேரமும், ஜிபிஏ என்ற மதிப்பெண் சராசரி, மூன்று நான்கு நிமிட வீடியோ, கூடவே ஒரு முழு ஆட்டத்தின் இணைப்பு. எழுதுவது பிள்ளையாக இருக்க வேண்டும், அப்பா அல்ல. கல்லூரிகள் ஆள் தேடக் கட்டணம் வாங்கி நடத்தும் ஐடி கேம்ப் அழைப்பில் பெயரைத் தவிர பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால், அது எல்லாருக்கும் போன கடிதம். நூற்றுக்கணக்கான டாலரை மிச்சப்படுத்துங்கள்.

டிவிஷன் ஒன்றில் ஆடப் படிப்பில் 16 கோர் பாடங்கள் (அடிப்படைப் பாடங்கள்), அவற்றில் குறைந்தது 2.3 ஜிபிஏ வேண்டும். பத்துப் பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆன்லைனில் எடுத்த கணிதப் பாடத்தை என்சிஏஏ ஏற்குமா என்று ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளிக் கவுன்சிலரிடம் கேட்டுவிடுங்கள்.

எச்-1பி குடும்பங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4இல் இருக்கும் பிள்ளை ஹைஸ்கூல், கிளப், கல்லூரி மூன்றிலும் ஆடலாம். சம்பளம் தரும் ஒப்பந்தத்தை வேலை அனுமதி இல்லாமல் ஏற்க முடியாது. கல்லூரி வீரர் தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து வாங்கும் என்ஐஎல் பணத்துக்கும் இதே சிக்கல், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினாலும் பெரும்பாலும் தீராது. இருபத்தொன்றில் எச்-4 முடிந்துவிடும். கிரீன் கார்டு இல்லாத பையனை எடுக்கும் எம்எல்எஸ் கிளப் அவனுக்காக ஒரு வெளிநாட்டு வீரர் இடத்தையும் செலவிட வேண்டி வரலாம். அகாடமியில் பேச்சு தொடங்கும்போதே, கோச்சிடம் இல்லாமல் நிர்வாகத்திடம், இதைச் சொல்லிவிடுங்கள். குடியேற்ற வழக்கறிஞரையும் பதினாறு வயதிலேயே பாருங்கள்.