களாவா, இலந்தையா, சூரையா?

தரிசிலும் குளக்கரையிலும் கரட்டோரத்திலும் காசில்லாமல் பறிக்கக் கிடைக்கும் பழங்களில் இந்த மூன்றுக்கும்தான் போட்டி. மூன்றும் முள்ளுச் செடி, மூன்றிலும் புளிப்பு உண்டு. ஆனால் பறிக்கிற பாடும், வீட்டுக்கு வந்த பிறகு ஆகிற பயனும் வேறு வேறு. எனக்குக் களா பக்கம் சாய்வு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முள்ளிலிருந்தே ஆரம்பிக்கலாம். களாவின் முள் நேரானது, தடித்தது, பல இடங்களில் கவையாகப் பிரிந்திருக்கும். குத்தினால் ஆழமாக இறங்கும். ஆனாலும் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதால் பார்த்துக் கையை நீட்டலாம். இலந்தையில் முள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும், ஒன்று நேராகவும் ஒன்று கொக்கியாகவும். இலந்தை மரமாக வளர்ந்துவிட்டால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கிளையை உலுக்கிவிட்டுக் கீழே பொறுக்கினால் போதும். சூரைதான் மோசம். வேலிமீதும் பக்கத்துச் செடிமீதும் படர்ந்து ஏறுகிற புதர், முள்ளெல்லாம் வளைந்தவை. கை உள்ளே சுலபமாகப் போய்விடும், வெளியே வராது. சட்டை மாட்டினால் இழுக்காமல், போன வழியிலேயே பின்வாங்கி ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். இத்தனைக்கும் கிடைப்பது பட்டாணி அளவில் பளபளக்கும் கறுப்புப் பழம். அதிலும் பெரும்பகுதி கொட்டை. ஆடு மேய்க்கிற பிள்ளைகள் நின்ற இடத்தில் வாயில் போட்டுத் துப்புகிற தின்பண்டம் அது. வீட்டுக்குச் சேர்த்துக் கொண்டுபோகலாம் என்று கிளம்பினால் பொழுதுதான் போகும்.

பச்சையாகத் தின்ன என்றால் நான் இலந்தைக்கே ஓட்டுப் போடுவேன். மார்கழி முதல் மாசி வரை பழம். மஞ்சள் பழுப்பாகித் தோல் லேசாகச் சுருங்கும்போது இனிப்பும் புளிப்பும் சரியாகக் கூடும். ஒரே குறை புழு. கடிப்பதற்கு முன் பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. நிறையக் கிடைத்தால் இலந்தை வடை. பழத்தோடு மிளகாய் வற்றல், உப்பு, புளி, வெல்லம், கொஞ்சம் பெருங்காயம் சேர்த்து இடித்து, தட்டி, வெயிலில் காயவைப்பது. பெட்டிக்கடையில் பாக்கெட்டில் விற்பதைவிட வீட்டில் இடித்தது காரசாரமாக இருக்கும். உரல் இல்லாதவர்கள் கொட்டையை நீக்கிவிட்டு மிக்ஸியில் போடலாம், கொஞ்சம் ருசி குறையும்.

சமையலறைக்குள் வந்துவிட்டால் களாவை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. காயாகவும் பயன்படும், பழமாகவும் பயன்படும். பச்சைக்காயைக் கீறி, விதையை நெம்பி எடுத்து, உப்புநீரில் ஊறவைத்தால் பிசுபிசுப்பான பால் கழிந்துவிடும். அப்புறம் நல்லெண்ணெய், கடுகு, வெந்தயப் பொடி, மிளகாய்ப் பொடி சேர்த்தால் ஊறுகாய். மாங்காய் இல்லாத நாளில் பருப்பிலும் போடலாம். பாதி பழுத்து இளஞ்சிவப்பாக இருக்கும் காயில் பெக்டின் அதிகம் என்பதால், ஜெல்லி காய்ச்சும்போது தனியாக எதுவும் சேர்க்காமலே இறுகும். முழுக்கப் பழுத்துக் கருத்ததை உப்பு தொட்டுத் தின்ன வேண்டியதுதான். கேக்மேல் வைக்கிற சிவப்புச் ‘செர்ரி’ நம் ஊர் பேக்கரிகளில் பெரும்பாலும் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய்தான்.

இந்தப் போட்டி பழையது. புறநானூற்றின் 177ஆம் பாட்டில், புளிப்புக்கு ஏங்கும் ஆடவர்கள் களாவையும், இலந்தை இனத்து முள்செடி என்று சொல்லப்படும் துடரியின் பழத்தையும் தின்கிறார்கள். அது தெவிட்டியதும் ஆற்று மணல்மேட்டில் ஏறி நாவல் கனி பறிக்கிறார்கள். களாவை ஒரு பிடிக்குமேல் தின்ன முடியாது என்பது அப்போதே தெரிந்திருக்கிறது!

அடையாளத்தில் கவனம் வேண்டியதும் களாவுக்கே. அது அரளிக் குடும்பம், கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். விதையில் கொடிய நஞ்சுள்ள மஞ்சள் அரளியும் அதே குடும்பம், அதிலும் பால் வரும். களாவில் எதிரெதிராக அமைந்த தடித்த இலை, மல்லிகைபோல மணக்கும் வெள்ளைப்பூ, முள் என எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும். பால் வடிகிற செடியில் முள் இல்லையென்றால் காயைத் தொடாதீர்கள். இலந்தைக்கு இந்தத் தொல்லை இல்லை. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெளுத்து, பஞ்சுபோல இருக்கும். எந்தச் செடியானாலும், மருந்தடிக்கிற வயலை ஒட்டிய வேலியில் பறிக்காமல் இருப்பது உத்தமம்.

காரை என்ற முள்செடியையும் கணக்கில் எடுக்கலாமே என்பார்கள். மஞ்சள் பழம் இனிப்புதான். எங்கள் பக்கத்தில் அதன் இலைக்குத்தான் மதிப்பு, கீரையாக.

களா தேடி அலைய முடியாதவர்கள் வேலியோரம் நட்டுவிடலாம். பழத்திலிருந்து எடுத்த விதையைக் காயவைத்துச் சேமிக்காமல் உடனே ஊன்ற வேண்டும், நாளானால் முளைப்பு குறையும். வளர்ந்துவிட்டால் வறட்சியையும் தாங்கும், ஆட்டையும் உள்ளே விடாது.