டிரேட்மார்க் எடுத்துத் தருகிறேன் என்றவன் அதைத் தன் பேரில் எடுத்துக்கொண்டான்

மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கறித்தூள், ஊறுகாய், முறுக்கு என்று வீட்டில் செய்து இணையத்தில் விற்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏமாற்றியவன் பெயரைப் போடவில்லை, போலீஸ் புகார் நடந்துகொண்டிருக்கிறது. அவன் செய்த வேலை என்னவென்று தெரிந்தால் போதும்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வீட்டில் இருந்தபோதே அக்கம்பக்கத்துக்குக் கறித்தூள் அரைத்துக் கொடுப்பார். டவுனுக்குக் குடிவந்த பிறகு, 2011ல், முதல்முறையாக ஸ்டிக்கர் அடித்துப் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் விற்றோம். ஈப்போவில் ஸ்டிக்கர் அடித்தவர் ‘மீன் கறித்தூள்’ என்பதை ‘மீன் கறித்தூல்’ என்று அடித்துக் கையில் கொடுத்துவிட்டார். ஆயிரம் ஸ்டிக்கர், காசும் கொடுத்தாயிற்று. அப்படியே ஒட்டினோம். போகப்போக அந்தத் ‘தூல்’தான் எங்கள் அடையாளமாகிவிட்டது. தமிழாசிரியர் ஒருவர் வாங்கும்போதெல்லாம் திட்டுவார், ஆனால் வாங்காமல் போகமாட்டார்.

2024 தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கிள்ளானிலிருந்து ஒரு அம்மா செய்தி அனுப்பினார். “இந்தத் தடவை தூளில் வாசமே இல்லை, உப்புதான் இருக்கு.” நான் அவருக்கு எதுவும் அனுப்பவில்லையே! படம் கேட்டேன். எங்கள் பெயர், எங்கள் ஸ்டிக்கர், எங்கள் ‘தூல்’. எழுத்துப்பிழையைக்கூட விடாமல் காப்பி அடித்திருந்தார்கள். இணையக் கடையில் பார்த்தால் பாதி விலை. மேலே போட்டிருந்த படம் எங்கள் சமையலறையில் நான் எடுத்தது, ஓரத்தில் அம்மாவின் வளையல் கை தெரிகிறது. இது போதாதென்று பொட்டலத்தில் ஹலால் முத்திரை வேறு. நாங்கள் ஹலால் சான்றிதழ் வாங்கியதே இல்லை. ஜாக்கிம் என்கிற அரசு இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையோ மாநில இஸ்லாமிய சமய அமைப்போ கொடுக்காமல் அந்த முத்திரையை ஒட்டுவது குற்றம். பார்க்கிறவர்கள் எங்களைத்தானே நினைப்பார்கள்?

இணையக் கடையில் புகார் செய்தேன். டிரேட்மார்க், அதாவது வணிகச் சின்னப் பதிவு எண் கேட்டார்கள். என்னிடம் இருந்த எஸ்எஸ்எம் (நிறுவன ஆணையம்) வியாபாரப் பதிவுச் சான்றிதழை அனுப்பினேன், ஏற்கவில்லை. வருடம் 60 வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் புதுப்பிக்கிறோமே, பெயர் நமக்குத்தானே சொந்தம் என்று அதுவரை நம்பியிருந்தேன். இல்லையாம். அது நான் வியாபாரம் செய்கிறேன் என்பதற்கான பதிவு, அவ்வளவுதான். பெயரையும் சின்னத்தையும் பதிவது மைஐபிஓ என்கிற அறிவுசார் சொத்துக் கழகத்தில், 2019ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் கீழ்.

ஆற்றாமையில் முகநூலில் புலம்பினேன். அன்று இரவே ஒருவன் வாட்ஸ்அப்பில் வந்தான். “அக்கா, நானும் தோட்டத்துப் பிள்ளைதான். உங்க அம்மா மாதிரிதான் எங்க அம்மாவும்.” அங்கேயே விழுந்துவிட்டேன். பெயரைப் பதிந்து, போலிக் கடைகளையெல்லாம் இறக்கித் தர 2,800 வெள்ளி. இரண்டு தவணையாக, அதுவும் ஒரு தனிநபர் வங்கிக் கணக்குக்கு. நிறுவனக் கணக்கு இல்லையா தம்பி என்று கேட்டேன். “ஆடிட் நடக்குதுக்கா” என்றான். சரி என்று போட்டேன்.

இரண்டு வாரத்தில் விண்ணப்ப எண்ணோடு ஒரு தாள் அனுப்பினான். “இனிமே வட்டத்துக்குள்ள ஆர் போட்டுக்கலாம்கா.” பதிவான சின்னம் என்பதற்கான ® குறியைத்தான் சொன்னான். அதைப் போட்டு 2,000 புது ஸ்டிக்கர் அடித்தோம். விண்ணப்பம் போட்டதும் பதிவானதும் ஒன்றில்லை என்றும், பதிவாகாத சின்னத்தைப் பதிவானது என்று காட்டுவது அதே சட்டத்தில் குற்றம் என்றும் பிறகுதான் தெரிந்தது. அத்தனையும் குப்பைக்குப் போனது.

2025 ஆகஸ்டில் அண்ணன் மகன் சும்மா கேட்டான், “அத்தை, மைஐபிஓ பக்கத்துல தேடிப் பாத்தீங்களா? காசு கேக்க மாட்டாங்க.” எண்ணைத் தட்டினான். எங்கள் பெயர் இருந்தது, பொருள்களைப் பிரிக்கிற வகுப்புகளில் 30வது வகுப்பு, மசாலாப் பொருள். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் என் பெயரும் இல்லை, அம்மா பெயரும் இல்லை. அந்தத் தம்பியின் நிறுவனம்.

போன் போட்டேன். பதறவே இல்லை. “அது ஒரு நடைமுறைக்கா, பிறகு உங்க பேருக்கு மாத்திடலாம். அதுக்கு 5,000 ஆகும்.” கத்தினேன். என் எண்ணைத் தடை செய்துவிட்டான்.

கட்டண விவரத்தை அப்புறம்தான் பார்த்தேன். கழகம் முன்பே ஏற்ற பொருள் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் ஒரு வகுப்புக்கு 950 வெள்ளி. மலேசியாவில் இருப்பவர் ஏஜெண்ட் இல்லாமல் தானே விண்ணப்பிக்கலாம். ஏஜெண்ட் வேண்டுமென்றால் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. இவன் அதில் இல்லை.

ஒரே அதிர்ஷ்டம், விண்ணப்பம் அப்போதுதான் மைஐபிஓவின் அதிகாரப்பூர்வ இதழில் வெளியாகியிருந்தது. வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். எங்களுக்கு 19 நாள் மிச்சம். தவறவிட்டிருந்தால் பத்து வருடத்துக்கு எங்கள் பெயர் அவனுடையது, நாங்கள்தான் போலி. ஈப்போவில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்தோம். பழைய ரசீது ஏதாவது இருக்கிறதா என்றார். அம்மா பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கவிழ்த்தார். 2011 ஸ்டிக்கர் ரசீது, பாசார் மாலாம் உரிமம், கடன் எழுதிய நோட்டு எல்லாம் அதில் இருந்தன. ஆட்சேபம் போட்டாயிற்று, முடிவு இன்னும் வரவில்லை.

போலிக் கடையை இறக்கியது டிரேட்மார்க் அல்ல, அந்த வளையல் கைப் படம். நாம் எடுத்த படத்துக்குப் பதிப்புரிமை நமக்குத்தான். 1987 பதிப்புரிமைச் சட்டப்படி அதற்குப் பதிவு வேண்டாம். கைப்பேசியில் தேதியோடு இருந்த முழுப் படத்தை அனுப்பிப் பதிப்புரிமைப் புகார் கொடுத்தேன். நான்கு நாளில் இறக்கினார்கள். அடுத்த வாரமே வேறு கடைப் பெயரில் முளைத்தது, மறுபடி புகார். ஹலால் முத்திரைக்கு உள்நாட்டு வாணிப அமைச்சில் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறேன்.

2,800 வெள்ளி வரும் என்ற நம்பிக்கை இல்லை. பணம் போட்ட உடனே சந்தேகப்பட்டிருந்தால் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழைத்திருக்கலாம். நான் விழித்துக்கொள்ள ஒன்பது மாதம் ஆனது. மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்கிற போலீஸின் செமாக் மியூல் பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தேன், ஏற்கெனவே புகார்கள் இருக்கின்றன. பணம் போடும் முன் இரண்டு நிமிடம் பார்த்திருக்கலாம்.

புது ஸ்டிக்கரிலாவது ‘தூள்’ என்று திருத்தலாமா என்று அம்மா கேட்கிறார். வழக்கு முடியும்வரை கை வைக்காதீர்கள் என்கிறார் வழக்கறிஞர். ஆக, பிழையோடுதான் வரும். பிழையும் ஹலால் முத்திரையும் சேர்ந்து இருந்தால் அது எங்களுடையது இல்லை. அப்படி எங்காவது கண்ணில் பட்டால், பொட்டலத்தின் முன்னும் பின்னும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.